முங்க் படங்கள் வழியாக எக்ஸ்பிரஷனிசம்

எக்ஸ்பிரஷனிசம் என்ற ஓவியப் பாணியைச் சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே ஒரு முகம்தான். சிவந்த வானம், நீண்டு போகும் கைப்பிடிச் சுவர், காதுகளை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு வாய் பிளந்து நிற்கும் உருவம். கைபேசி எமோஜி வரைக்கும் வந்துவிட்ட, 'அலறல்' என்ற படத்தின் முகம் அது. அதை வரைந்த நார்வே ஓவியர் எட்வர்ட் முங்கைப் பற்றியும் ஒரு பொதுவான எண்ணம் உண்டு. மனம் கலங்கிய மனிதர், கலக்கத்தை அப்படியே படத்தில் கொட்டிவிட்டார் என்று.

இந்த எண்ணத்தோடு போனால் முங்கும் புரியமாட்டார், எக்ஸ்பிரஷனிசமும் புரியாது. அவர் எதையும் அப்படியே கொட்டியவர் இல்லை. ஒரு நினைவை வருஷக்கணக்கில் மனதில் வைத்திருந்து, வரைந்து, சுரண்டி, அழித்து, மறுபடி வரைந்து, அதற்குப் பிறகும் திருப்தி இல்லாமல் இன்னொரு தடவை தொடங்கியவர். அதனால் அந்தப் புகழ்பெற்ற முகத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அதற்கு முன்னால் அவர் வரைந்த 'நோயுற்ற குழந்தை' என்ற படத்திலிருந்து ஆரம்பிப்போம். முங்கின் மிகச் சிறந்த படம் அதுதான் என்பது என் எண்ணமும்கூட.

ஒரே நோய், இரண்டு படங்கள்

19ஆம் நூற்றாண்டு நார்வேயில் காசநோய் பல குடும்பங்களைக் காலி செய்தது. முங்க் 1863 டிசம்பர் 12 அன்று லோட்டன் என்ற ஊரில் பிறந்தார். அடுத்த வருஷமே குடும்பம் தலைநகருக்கு வந்துவிட்டது. இன்றைய ஓஸ்லோவுக்கு அப்போது கிறிஸ்தியானியா என்று பெயர். அப்பா ராணுவ மருத்துவர், கடுமையான பக்திமான். எட்வர்டுக்கு ஐந்து வயதாகும்போது, 1868இல், அம்மா காசநோயில் இறந்தார். சித்தி காரன் வந்து பிள்ளைகளை வளர்த்தார். 1877இல் அக்கா சோஃபியும் அதே நோயில் இறந்தார். அப்போது சோஃபிக்கு 15 வயது. ஒரு வயது இளையவரான எட்வர்டுக்கு உலகத்திலேயே நெருக்கமானவர் அவர்தான்.

முங்குக்கு வழிகாட்டியாக இருந்த மூத்த ஓவியர் கிறிஸ்தியான் க்ரோக். அவருடைய சகோதரியும் காசநோயில் இறந்தவர்தான். க்ரோக் 1881இல் முடித்த ஒரு படத்தில், நோயாளிச் சிறுமி ஒருத்தி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து நம்மை நேருக்கு நேர் பார்க்கிறாள். மடியில் வெள்ளைப் போர்வை, கையில் வாடிக்கொண்டிருக்கும் ரோஜா. கண்ணோரச் சிவப்பும் துணியின் மடிப்பும் துல்லியமாக வந்திருக்கின்றன. நோய் ஓர் உடலை என்ன செய்கிறது என்று அருகில் உட்கார்ந்து பார்த்த கண் அது. இதைத்தான் ரியலிசம், அதாவது யதார்த்தவாதம் என்கிறோம். நல்ல படம், மனதை உலுக்கும் படம்.

நான்கைந்து வருஷம் கழித்து முங்க் அதே விஷயத்தை எடுத்தார். சோஃபி இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவோடு ஒரு நோயாளி வீட்டுக்குப் போனபோது அங்கே பார்த்த ஒரு செந்தலைச் சிறுமியை மாடலாக உட்காரவைத்தார். பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்குச் சித்தி காரன் மாடல். படத்தில் அந்தச் சிறுமி பெரிய வெள்ளைத் தலையணையில் சாய்ந்திருக்கிறாள். முகம் பக்கவாட்டில், ஜன்னல் திரையின் இருட்டை நோக்கித் திரும்பியிருக்கிறது. பக்கத்துப் பெண் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார், அவர் முகமே நமக்குத் தெரியாது. இரண்டு பேருடைய கைகளும் சேருகிற இடம் படத்தின் நடுவில் இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் கைகள் என்று ஒன்றும் தெளிவாக இல்லை, வெறும் வண்ணத் தீற்றல். அறையில் என்ன நாற்காலி, என்ன சுவர் என்று கேட்டால் சொல்ல முடியாது. மருந்து பாட்டிலும் கண்ணாடி டம்ளரும் மட்டும் கரைந்த மாதிரி நிற்கின்றன.

படத்தின் மேற்பரப்பைப் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும் கீறல்கள். முங்க் பிற்காலத்தில் எழுதியபடி, ஒரு வருஷத்தில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். வண்ணத்தைச் சுரண்டி எடுத்தார், கரைத்து ஓடவிட்டார், மேலே மறுபடி பூசினார். முதல்முறை மனதில் பதிந்ததைப் பிடிப்பதுதான் நோக்கம்: நடுங்கும் உதடு, ஒளி ஊடுருவுகிற மாதிரி வெளுத்த தோல், சோர்ந்த கண். பார்த்துக்கொண்டிருந்தபோது தன் கண்ணிமை மயிர்களே பார்வையில் குறுக்கிட்டதையும் கவனித்து, அதையும் கோடுகளாகப் படத்தில் சேர்த்தார். அழுகிறவர் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரியுமோ அப்படி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். க்ரோக்கின் படத்தில் நாம் பார்ப்பது நோயாளியை. முங்கின் படத்தில் நாம் பார்ப்பது, அவளை இழந்த ஒருவருடைய நினைவை. நினைவு எல்லாவற்றையும் சமமாகச் சேமிப்பதில்லை. உங்கள் வீட்டில் நடந்த ஒரு மரணத்தை யோசித்துப் பாருங்கள். அந்த அறையின் நீள அகலம் ஞாபகம் இருக்காது. தலையணையின் வெள்ளையும் யாரோ குனிந்திருந்த விதமும் முப்பது வருஷம் கழித்தும் இருக்கும். எது பெரிதாகத் தங்கியதோ அது படத்தில் பெரிதாக வரவேண்டும், எது கரைந்ததோ அது கரைந்தே வரவேண்டும். எக்ஸ்பிரஷனிசத்தின் அடிப்படை இவ்வளவுதான். வண்ணம், கோடு, உருவ அளவு எல்லாம் வெளியே இருக்கும் பொருளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல, உள்ளே நேர்ந்த அனுபவத்துக்குக் கட்டுப்பட்டவை.

முங்க் இதை ஒரே வரியில் சொன்னார்: நான் பார்ப்பதை வரைவதில்லை, பார்த்ததை வரைகிறேன்.

1886இல் கிறிஸ்தியானியாவின் இலையுதிர் காலக் கண்காட்சியில் இந்தப் படத்தை வைத்தார். அப்போது அவருக்கு 22 வயது. வந்தவர்கள் சிரித்தார்கள். முடிக்காத படம், கிறுக்கல் என்று பத்திரிகைகள் எழுதின. க்ரோக் மட்டும் இளைஞருக்குத் துணை நின்றார். முங்க் அந்தப் படத்தை அவருக்கே கொடுத்துவிட்டார். ஆனால் அதைக் கைவிடவில்லை. 1896, 1907, 1925, 1927 என்று, இடையில் ஒரே வருஷத்தில் இரண்டு தடவைகூட, அதே காட்சியைப் புதிதாக வரைந்தார். முதல் படத்தோடு சேர்த்து மொத்தம் ஆறு. நாற்பது வருஷம் ஒரே அறைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

இம்ப்ரஷனிசத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

புதிதாகப் படிப்பவர்கள் குழம்பும் இடம் இது. பெயர்கள் ஒலியில் நெருக்கமானவை, காலமும் அடுத்தடுத்து. மோனே போன்ற இம்ப்ரஷனிச ஓவியர்கள் கான்வாஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். இந்தக் காலையில், இந்தத் தண்ணீரில், வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதைப் பிடிப்பது அவர்கள் வேலை. அவர்களும் விளிம்புகளைக் கரைத்தார்கள், தூரிகைத் தீற்றலை வெளியே தெரியவிட்டார்கள். ஆனால் அது கண் வாங்கியதன் பதிவு. முங்க் பாரிஸுக்குப் போய் அதையெல்லாம் கற்றுக்கொண்டார். 1889இல் அரசாங்க உதவித்தொகையில் போனவர், கொஞ்சகாலம் அந்தப் பாணியில் வரையவும் செய்தார். அந்த வருஷக் கடைசியில் ஊரிலிருந்து அப்பா இறந்த செய்தி வந்தது. அடுத்து அவர் எழுதிய குறிப்புகளில், ஆண்கள் படிப்பதும் பெண்கள் பின்னுவதுமான அறைக் காட்சிகள் இனி போதும், மூச்சுவிடுகிற, உணர்கிற, துன்பப்படுகிற, நேசிக்கிற மனிதர்களை வரையவேண்டும் என்கிறார். பாரிஸ் கற்றுக்கொடுத்த வண்ணச் சுதந்திரத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்.

1893இல் வரைந்த 'நோயறையில் மரணம்' அதற்கு நல்ல உதாரணம். சோஃபி இறந்த நாள்தான் விஷயம். ஆனால் சோஃபி தெரியவே மாட்டார், நமக்கு முதுகு காட்டிய நாற்காலியில் இருக்கிறார். அறை முழுக்கக் குடும்பத்தினர், ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு, ஒருவரையொருவர் தொடாமல் நிற்கிறார்கள். அப்பா கைகூப்பி ஜெபிக்கிறார். இதில் வியப்பான விஷயம் அவர்களுடைய வயது. 1877இல் எட்வர்டின் தங்கைகள் சிறுமிகள். படத்திலோ எல்லோரும் வளர்ந்தவர்கள், 1893இல் எப்படி இருந்தார்களோ அப்படி. அதே சமயம் நான்கு வருஷம் முன்பே இறந்த அப்பாவும் அங்கே இருக்கிறார். புகைப்படமாக இருந்தால் இது பிழை. அந்த மரணத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் குடும்பத்தின் படமாக இருந்தால் இதுதான் உண்மை.

சரி, இப்போது அந்த முகத்துக்கு வருவோம்

'அலறல்' ஒரே வேகத்தில் வந்த படம் என்று தோன்றும். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். ஓஸ்லோ அருகே எக்கெபெர்க் குன்றுப் பாதையில் ஒரு மாலை இரண்டு நண்பர்களோடு நடந்துபோகும்போது வானம் திடீரென ரத்தச் சிவப்பானது, நண்பர்கள் நடந்துபோய்விட்டார்கள், நான் பயத்தில் நடுங்கி நின்றேன், இயற்கை முழுவதையும் துளைத்துப் போகும் முடிவற்ற அலறலை உணர்ந்தேன் என்று முங்க் எழுதியிருக்கிறார். இந்தக் குறிப்பையும் பல தடவை திருத்தித் திருத்தி எழுதினார்.

1892இல் இதை முதலில் வரைந்தபோது, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்க்கும் ஓர் ஆண் இருந்தார். தொப்பி போட்ட சாதாரண மனிதர், பக்கவாட்டு முகம். வானம் சிவப்புதான். ஆனால் அது வருத்தமாக நிற்கும் யாரோ ஒருவருடைய படம், நாம் தள்ளி நின்று பார்க்கிறோம். முங்குக்கு அது போதவில்லை. அடுத்து உருவத்தை நம் பக்கம் திருப்பினார். தொப்பி போனது, முடி போனது, ஆணா பெண்ணா என்ற அடையாளம் போனது. உடம்பே வானத்தின் அலைக்கோடுகளோடு சேர்ந்து நெளிந்தது. நேராக இருப்பவை பாதையும் சுவரும் அந்த இரண்டு நண்பர்களும் மட்டும். அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. இப்படிப் படிப்படியாகக் கழித்துக்கொண்டே போய்த்தான் 1893இல் நாம் அறிந்த படம் வந்தது. கான்வாஸ்கூட இல்லை, அட்டை. 91 செ.மீ. உயரம், 73.5 செ.மீ. அகலம்.

குறிப்பைப் படித்தபின் இன்னொன்று விளங்கும். அலறுவது அந்த உருவம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். முங்கின் சொற்படி அலறல் வெளியே, இயற்கையில் இருக்கிறது. உருவம் காதைப் பொத்திக்கொள்வது அதைத் தாங்க முடியாமல்தான்.

1883இல் க்ரகடோவா எரிமலை வெடித்தபின் ஐரோப்பாவில் தெரிந்த சிவப்பு வானம்தான் இது என்று சில அறிவியலாளர்கள் விளக்கம் சொன்னார்கள். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வானம் எதனால் சிவந்தது என்பது தெரிந்தாலும், அதே வானத்தின் கீழ் நடந்த நண்பர்கள் ஏன் நிற்கவில்லை என்பதற்கு எரிமலை பதில் சொல்லாது. படம் கேட்பது அந்தக் கேள்வியை.

படத்தின் மேல்பகுதியில், வானத்துச் சிவப்பில், பென்சிலால் சிறிதாக ஒரு வரி இருக்கிறது: பைத்தியக்காரனால்தான் இதை வரைந்திருக்க முடியும். யாரோ பார்வையாளர் கிறுக்கியது என்று நெடுங்காலம் பேச்சு. 2021இல் நார்வே தேசிய அருங்காட்சியகம் அகச்சிவப்புப் படம் எடுத்து, முங்கின் கையெழுத்தோடு ஒப்பிட்டு, எழுதியது அவரேதான் என்று முடிவு சொன்னது. 1895இல் கிறிஸ்தியானியாவில் அவர் படங்களைக் காட்டியபோது, மாணவர் கூட்டமொன்றில் ஒரு மருத்துவ மாணவர் அவருடைய மனநலத்தையே சந்தேகித்துப் பேசினார். அந்தக் காயம்தான் இந்த வரி என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். தங்கை லாரா மனநோயால் துன்பப்பட்டவர். அந்தப் பேச்சு முங்கை எவ்வளவு தைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

பெர்லினும் மரக்கட்டையும்

இதற்கிடையில் 1892 நவம்பரில் பெர்லின் ஓவியர் சங்கம் முங்கை அழைத்துத் தனிக் கண்காட்சி வைத்தது. 55 படங்கள். மூத்த உறுப்பினர்கள் கொதித்துப்போய், வாக்கெடுப்பு நடத்தி, ஒரே வாரத்தில் இழுத்து மூடிவிட்டார்கள். ஜெர்மன் பத்திரிகைகள் முழுக்க அவர் பெயர். இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது என்ற தொனியில் சித்திக்குக் கடிதம் எழுதினார் முங்க். அந்தச் சண்டையில் பிரிந்தவர்களில் பலர் சேர்ந்துதான் 1898இல் பெர்லின் செசஷன் என்ற புதிய அமைப்பு உருவானது. 1902இல் அதே அமைப்பின் கண்காட்சியில் முங்க் காதல், அச்சம், மரணம் பற்றிய 22 படங்களை வரிசையாக மாட்டினார். 'வாழ்க்கைச் சித்திர வரிசை' என்று இதைச் சொல்லலாம். படங்கள் ஒன்றோடு ஒன்று பேசவேண்டும் என்பது அவர் விருப்பம். ஒன்று விற்றுப்போனால் வரிசை உடைந்துவிடுமே என்று தனக்காக இன்னொன்று வரைந்துகொள்வார்.

அவருடைய அச்சு ஓவியங்களைப் பற்றிச் சொல்லாமல் போவது அநியாயம். மரக்கட்டையில் செதுக்கி அச்சிடும் முறை ஐரோப்பாவில் பழையது. பல நிறம் வேண்டுமென்றால் நிறத்துக்கு ஒரு கட்டை செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகத் துல்லியமாகப் பொருத்தி அச்சிடவேண்டும். முங்க் 1896இல் பாரிஸில் மரச்செதுக்கைத் தொடங்கினார். அவர் செய்தது வேறு. ஒரே பலகையைச் சிறு ரம்பத்தால் உருவங்களின் விளிம்பு வழியாகத் துண்டாக அறுத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி மை தடவினார். பிறகு துண்டுகளைப் புதிர்ப்படம் சேர்ப்பதுபோல் மறுபடி ஒட்டவைத்து, ஒரே அழுத்தில் அச்சிட்டார். துண்டுகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு விழும். அதை மறைக்கவில்லை. கடற்கரையில் முதுகு காட்டி நிற்கும் ஆணும் பெண்ணும் உள்ள அச்சில், பெண்ணின் உருவம் தனித் துண்டு. அவளைச் சுற்றி விழும் அந்தக் கோடுதான் இருவருக்கும் நடுவிலுள்ள தூரம். 'முத்தம்' என்ற அச்சில் பலகையின் ரேகைகளே மழைத்தாரை மாதிரி முழுப் படத்திலும் ஓடுகின்றன. இரண்டு முகங்கள் ஒரே வெளுப்பாகக் கலந்துவிட்டன.

உணர்ச்சியை வெளிப்படுத்துவது என்றால் முகபாவத்தை வரைவது என்று தொடக்கத்தில் நினைப்போம். இந்த அச்சுகளில் முகமே இல்லை. மரமும் ரம்பமும்தான் பேசுகின்றன.

பெயர் பின்னால் வந்தது

முங்க் தன்னை எக்ஸ்பிரஷனிஸ்ட் என்று அழைத்துக்கொண்டு வேலை செய்தவர் அல்ல. அந்தப் பெயர் ஜெர்மனியில் பரவியது 1910 வாக்கில். 1905இல் டிரெஸ்டனில் கிர்க்னர், ஹெக்கெல், ஷ்மிட்-ரோட்லுஃப், பிளெய்ல் என்ற நான்கு கட்டடக்கலை மாணவர்கள் 'பாலம்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1911இல் மியூனிக்கில் காண்டின்ஸ்கியும் ஃபிரான்ஸ் மார்க்கும் 'நீலக் குதிரைவீரன்' குழுவைத் தொடங்கினார்கள். எக்ஸ்பிரஷனிசம் என்ற இயக்கம் முதன்மையாக இவர்களுடையது. முங்கை அதன் முன்னோடி என்பதே சரி. 1912இல் கொலோன் நகரில் நடந்த பெரிய நவீன ஓவியக் கண்காட்சியில் அவருக்குத் தனி அறையே ஒதுக்கினார்கள்.

அதற்குள் அவர் வாழ்க்கை ஒரு தடவை உடைந்து கூடியிருந்தது. 1902இல் காதலி டுல்லா லார்சனோடு நடந்த தகராறில் துப்பாக்கி வெடித்து இடது கை நடுவிரல் சிதைந்தது. குடி அதிகமானது. 1908இல் கோபன்ஹேகனில் மனம் முற்றிலும் தளர்ந்து, டாக்டர் டேனியல் யாக்கப்சனின் மருத்துவமனையில் எட்டு மாதம் இருந்தார். நோயும் அச்சமும் இல்லாமல் போனால் நான் சுக்கான் இல்லாத கப்பல் என்று எழுதியவர் அவர். குணமானபின் என்ன ஆனது? முப்பத்தைந்து வருஷம் வரைந்தார். குணமானதும் கலை போய்விட்டது என்று சொல்பவர்கள் உண்டு. ஓஸ்லோ பல்கலைக்கழக அரங்கில் 1916இல் நிறுவப்பட்ட 'சூரியன்' அவர்களுக்கு நல்ல மறுப்பு. கிட்டத்தட்ட எட்டு மீட்டர் அகலம். கடலுக்கு மேல் எழும் சூரியன், அதிலிருந்து எல்லாத் திசையிலும் பாயும் கதிர்கள். துக்கத்தைச் சொன்ன அதே கோடுகள் இங்கே வெளிச்சத்தைச் சொல்கின்றன. எக்ஸ்பிரஷனிசம் என்றால் வேதனை மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்தப் படத்தை அவசியம் பார்க்கவேண்டும்.

1916இல் ஓஸ்லோ ஓரத்தில் எக்கெலி என்ற நிலத்தை வாங்கி, கடைசிவரை அங்கேதான் தனியாக வாழ்ந்தார். படங்களை வெயிலிலும் பனியிலும் வெளியே போட்டுவைப்பார். தாங்குகிற படம் தாங்கட்டும் என்ற முரட்டு வைத்தியம். 'அலறல்' மேல் இருக்கும் ஒரு வெள்ளைத் தெறிப்பைக்கூடப் பறவை எச்சம் என்றே நம்பி வந்தார்கள். 2016இல் சோதித்தபோது அது மெழுகு என்று தெரிந்தது. 1930இல் வலது கண்ணில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, பார்வையில் கரும் திட்டு மிதந்தது. அப்போதும் உட்கார்ந்து, அந்தத் திட்டு எப்படித் தெரிகிறதோ அப்படியே வரைந்து வைத்தார். நோய் என்றாலே புலம்பல் என்றில்லாமல், அதை இவ்வளவு நிதானமாகக் கவனித்த ஒருவரைப் பைத்தியக்காரர் என்று எப்படிச் சொன்னார்களோ.

1937இல் நாஜிகள் ஜெர்மன் அருங்காட்சியகங்களில் இருந்த அவருடைய 82 படைப்புகளைச் சீரழிந்த கலை என்று சொல்லிப் பறித்தார்கள். 1907இல் வரைந்த 'நோயுற்ற குழந்தை' டிரெஸ்டனிலிருந்து அப்படி வெளியேறியதுதான். இன்று அது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நார்வே ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்தபோது, 1944 ஜனவரி 23 அன்று, எக்கெலியில் முங்க் காலமானார். தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் ஓஸ்லோ நகரத்துக்கு எழுதிவைத்திருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள், ஆயிரக்கணக்கான அச்சுகளும் கோட்டோவியங்களும் குறிப்பேடுகளும்.

நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்களுக்கு: 1893 'அலறல்', முதல் 'நோயுற்ற குழந்தை', க்ரோக்கின் சிறுமி மூன்றும் ஓஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தின் சொத்து. நகரத்துக்கு எழுதிவைத்தவை கடலோரத்தில் 2021இல் திறந்த புதிய முங்க் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கேயும் 'அலறல்' உண்டு: ஓர் ஓவியம், ஒரு கோட்டோவியம், ஓர் அச்சு. அட்டையும் காகிதமும் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் மூன்றையும் ஒன்றாகக் காட்டுவதில்லை. முறைவைத்து ஒன்றைத் திறந்து மற்ற இரண்டை மூடுவார்கள். அப்புறம், அந்த அருங்காட்சியகம் அவருடைய படங்களைப் பெரிய அளவில் இணையத்திலும் போட்டிருக்கிறது. முதலில் மரச்செதுக்கு அச்சுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரம்பம் போன தடமும் பலகையின் முடிச்சுகளும் திரையிலேயே தெரியும்.